சம்பந்தி எழுந்து நின்ற ஞாயிறு

சம்பந்தி,

நேற்று சுங்கை வேயில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் உங்கள் காரில் கற்றுக்கொடுப்பவருக்கான இடது பக்கப் பிரேக்கைக் கழற்றினார்கள். காரை வாங்குகிறவர் ஸ்ரீ கெம்பாங்கானில் பலகாரக் கடை வைத்திருக்கிறார். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்துகொண்டு வண்டியை நிறுத்த வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. கூரை மேலிருந்த டிரைவிங் பள்ளிப் பலகையை மாப்பிள்ளை ஜோயல் முன்பே எடுத்துவிட்டார். மிச்சமிருந்தது இது ஒன்றுதான். மெக்கானிக் கீழே குனிவதற்கு முன் நான் ஒருமுறை உங்கள் இடத்தில் ஏறி உட்கார்ந்தேன். காலை நீட்டியதும் பிரேக் தட்டுப்பட்டது. அதன் ரப்பர் ஒரு ஓரமாகத் தேய்ந்து, உள்ளே இரும்பு பளபளத்தது.

"அங்கிள், இத எடுத்துட்டுப் போறீங்களா? பழைய இரும்புக்குப் போட்டாலும் ஒண்ணும் கெடைக்காது லா" என்றார் மெக்கானிக். வேண்டாம் என்றேன். ஆனால் வீட்டுக்கு வந்ததிலிருந்து உங்களோடு பேச வேண்டும் போல இருக்கிறது. அதனால் எழுதுகிறேன்.

எந்தக் காரில் ஏறினாலும் உங்கள் இடது கால் சும்மா இருந்ததில்லை. நான் ஓட்டும்போது ஃபெடரல் ஹைவேயில் முன்னால் ஒரு லோரி தெரிந்தால் போதும், அங்கே இல்லாத பிரேக்கைத் தேடி என் காரின் தரைப்பாயை மிதிப்பீர்கள். "நான் ஓட்டறதுல நம்பிக்க இல்லையா சம்பந்தி?" என்று ஒருநாள் கேட்டேன். "உங்க மேல இருக்கு. என் கால் மேலதான் இல்ல" என்றீர்கள்.

நம் பிள்ளைகள் நம்மைக் கேட்டுக்கொண்டு காதலிக்கவில்லை. நீங்கள் கிள்ளானில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர், சபையில் மூப்பர், போதகர் ஊரில் இல்லாத ஞாயிறுகளில் பிரசங்கம் செய்பவர். நான் பிரிக்பீல்ட்ஸில் குடியிருக்கும் கோர்ட் நிருபர். வீட்டில் முருகன் படம், தைப்பூசத்துக்குப் பத்துமலை. என் மகள் வாணியும் உங்கள் மகன் ஜோயலும் பதிவுத் திருமணம் செய்துகொண்டபோது, நாம் இருவரும் ஒருவரையொருவர் மரியாதையோடு தவிர்த்துக்கொண்டே காலத்தை ஓட்டிவிடுவோம் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். நடந்தது வேறு. பேசிப் பார்த்தால் இருவரும் பிழைப்புக்குப் பார்த்துக்கொண்டிருந்தது ஒரே விஷயத்தைத்தான்.

டிரைவிங் டெஸ்டில் மேட்டில் வண்டியை நிறுத்தி எடுக்க வேண்டும். அங்கே தோற்றுவிட்டு வருகிற ஒவ்வொருவரும் உங்களிடம் சொன்னது ஒன்றே. "கார் அதுவா பின்னால போச்சு அங்கிள்." அதை ஒவ்வொரு குரலிலும் நடித்துக் காட்டுவீர்கள்: காலேஜ் பெண், பேங்க் மேனேஜர், லோரி அட்டெண்டன்ட். "இத்தன வருஷத்துல, நான் பிரேக்க விட்டுட்டேன்னு சொன்ன ஒரு ஆள நான் பாத்ததில்ல சம்பந்தி" என்பீர்கள். கூண்டில் நிற்பவர்களும் அப்படித்தான் என்று நான் சொல்வேன். அவர்கள் நீதிபதியிடம் பொய் சொல்கிறார்கள் என்று ஜனங்கள் நினைக்கிறார்கள். நான் பார்த்தவரை பெரும்பாலோர் முதலில் தங்களுக்குத் தாங்களே சொல்லி, அதை நம்பி, பிறகுதான் கோர்ட்டுக்கு வருகிறார்கள். இப்படி மனிதகுலத்தைப் பற்றிப் பேசி நாம் நிறையச் சிரித்திருக்கிறோம். அந்தக் கணக்கில் நம்மைச் சேர்க்க இருவருக்கும் தோன்றவில்லை.

பிறகு மீரா பிறந்தாள்.

அவளுக்கு ஞானஸ்நானம் கொடுக்க வேண்டும் என்று நீங்கள் சொன்னபோது குழந்தைக்குத் தலைகூட நிற்கவில்லை. கிள்ளானில் உங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நாம் விவாதித்தது நினைவிருக்கிறது. பக்கத்தில் துணித் தொட்டிலில் அவள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"எத்தனையோ கேஸ் பாத்துட்டேன் சம்பந்தி. குத்தம்னா ஒரு நாள் வேணும், ஒரு இடம் வேணும், ஒரு செய்கை வேணும். தொட்டில்ல படுத்திருக்கிறவ மேல என்ன சார்ஜ்?"

"சார்ஜ் எல்லாம் இல்ல. மனுசன் பொறக்கும்போதே கொஞ்சம் சாஞ்சுதான் பொறக்கறான்னு எங்க போதனை. அலைன்மென்ட் போன வண்டி மாதிரி. ஸ்டியரிங்க விட்டுப் பாருங்க, ஒரு பக்கமா இழுக்கும்."

"அவ புது வண்டி சம்பந்தி."

"புது வண்டியும் இழுக்கும்."

ஜோயல் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாணிதான் பேச்சை முடித்தாள். "எனக்குக் கொஞ்சம் டைம் வேணும் மாமா. நான் யோசிச்சுச் சொல்றேன்." நீங்கள் தலையசைத்தீர்கள். அதோடு அடங்கியது என்று நினைத்தேன்.

சில வாரம் கழித்து வாணி குழந்தையோடு எங்களைப் பார்க்க வந்திருந்தாள். பிரிக்பீல்ட்ஸில் ஒரு புடவைக் கடையில் உங்கள் சபையைச் சேர்ந்த ஒரு அம்மா அவளைப் பிடித்துக்கொண்டார். "ஞாயித்துக்கெழம அறிவிப்புல பேரு வாசிச்சாங்கம்மா, ரொம்ப சந்தோஷம். பாப்பாவோட சேந்து நீயும் எடுக்கப் போறியாமே, மாமா சொன்னாரு." ஞானஸ்நானத்துக்கு நிற்கப் போகிறவர்களின் பெயரை முன்கூட்டியே ஆராதனையில் வாசிப்பது உங்கள் சபையின் வழக்கம் என்பது அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது. என் மகளின் பெயரும் பேத்தியின் பெயரும் வாசிக்கப்பட்டுவிட்டன. மகளுக்கு மட்டும் தெரியாது.

அன்று அவள் கிள்ளானுக்குத் திரும்பவில்லை. ஜோயல் வந்தார். அந்த ஞாயிறு தான் வேலையில் இருந்ததாகவும் தனக்கும் இது தெரியாது என்றும் சொன்னார். அவள் அவரை நம்பினாள், ஆனாலும் கிளம்பவில்லை. "அந்த வீட்டுல நான் என்ன சொல்றேங்கறது யாருக்கும் வேணாம் பா. என் வாயால சொல்லாதத சொன்னதா சொல்லிட்டாங்க. இன்னிக்கு இது, நாளைக்கு எது?" என்றாள் என்னிடம். ஜோயல் தினமும் வேலை முடிந்து வந்து, குழந்தையைத் தூக்கிவைத்துக்கொண்டு, சரியாகச் சாப்பிடாமல் திரும்பிப் போனார். ஒரு வீடு மெல்ல இரண்டாகிக்கொண்டிருப்பதை நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம்.

சனிக்கிழமை காலை நீங்கள் வந்தீர்கள். கையில் ஜிப் வைத்த உறைக்குள் வேதாகமம். வாசலில் செருப்பைக் கழற்றியபோதே, எதையோ தயாரித்துக்கொண்டு வந்திருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நானும் தயாராகத்தான் இருந்தேன். என் மனைவி கோப்பி கொண்டுவந்து வைத்து, "உக்காருங்கண்ணே" என்றாள். நாம் இருவரும் வாய் திறப்பதற்குள் வாணி கேட்டுவிட்டாள்.

"மாமா, நான் சம்மதிச்சேன்னு சபையில யாரு சொன்னா?"

"அது வந்தும்மா, பாஸ்டர்கிட்ட பேசிக்கிட்டு இருக்கும்போது நீ யோசிச்சுக்கிட்டு இருக்கேன்னு சொன்னேன். அவரு வேற மாதிரி எடுத்துக்கிட்டாரு போல. அப்படியே அறிவிப்புல போயிருச்சு."

"போயிருச்சா?"

"ஆமா, அதுவா…"

அங்கே நின்றுவிட்டீர்கள். கோப்பையைக் கீழே வைத்தீர்கள். பிறகு என்னைப் பார்த்து, மேட்டில் தோற்றுவிட்டு வரும் பேங்க் மேனேஜரின் அதே குரலில், "அதுவா பின்னால போச்சு அங்கிள்" என்றீர்கள். என் மனைவிக்கும் வாணிக்கும் ஒன்றும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. உங்களுக்கும் வரவில்லை.

"இல்லம்மா. பாஸ்டர் மேல தப்பில்ல. வாணி சம்மதிச்சிருச்சுன்னு நான்தான் சொன்னேன். நெசமாவான்னு அவரு மறுபடியும் கேட்டாரு. அப்பவும் ஆமான்னேன்."

"ஏன் மாமா?"

"பாப்பாவோட ஆத்துமாவுக்காகன்னு நெனச்சேன். இங்க வர்ற வழியெல்லாம் அதையேதான் சொல்லிக்கிட்டு வந்தேன்." வேதாகம உறையை மடியிலிருந்து எடுத்துப் பக்கத்தில் வைத்தீர்கள். "வாராவாரம் கேக்கறாங்கம்மா. மருமக எப்ப வருது, பேத்திக்கு எப்பன்னு. ஊருக்கெல்லாம் பிரசங்கம் பண்றவன் வீட்டுல இப்படியான்னு அவங்க நெனைக்கிறது எனக்குக் கேக்குது. அவங்க நெனைக்காட்டியும் கேக்குது. அதான் உண்மை. ஆத்துமா எல்லாம் நான் மேல போட்டு மூடின துணி."

வழக்கு என் பக்கம் சாய்ந்துவிட்டதாக எனக்குத் தோன்றியது. அதை விட மனமில்லாமல், "அப்போ புள்ள பாவின்னு சொன்னதையும் வாபஸ் வாங்கிக்கிறீங்களா சம்பந்தி?" என்றேன்.

"அது எப்படி முடியும்? அவ நம்ம ரெண்டு பேருக்கும் நடுவுல பொறந்திருக்கா. அவ முழிச்சுப் பாக்கறதுக்குள்ள ஆளுக்கொரு பக்கம் இழுக்கறோம். இதுல அவ நேரா எப்படி ஓடுவா?"

சமையலறை வாசலில் நின்ற என் மனைவி, "ரெண்டு பேருன்னு சரியாச் சொன்னீங்கண்ணே" என்றாள். "இவரு பத்துமலையில மொட்டைக்கு நாள் பாத்து, தம்பிக்கும் சித்தப்பா வீட்டுக்கும் போன் பண்ணிச் சொல்லியாச்சு. பெத்தவகிட்ட சொன்னாரான்னு கேளுங்க."

வாணி என் பக்கம் திரும்பினாள். "அப்பா?"

குழந்தை வளர்ந்து தானே தன் மதத்தைத் தேர்ந்தெடுக்கட்டும் என்று மேசைக்கு மேசை வாதாடியவன் நான். அன்று உங்களுக்கு என்னைச் சொல்லிக்காட்ட எவ்வளவோ இடமிருந்தது. நீங்கள் கோப்பியைக் குடித்து முடித்துவிட்டு, "நாளைக்கு நான் சபையில பேசணும் சம்பந்தி. முடிஞ்சா வாங்க" என்று மட்டும் சொன்னீர்கள். கொண்டுவந்த வேதாகமத்தைத் திறக்கவே இல்லை.

மறுநாள் நான் தனியாகத்தான் வந்தேன். கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். தொழில் பழக்கத்தால் எல்லாவற்றையும் கவனித்தேன். பாட்டு முடிந்ததும் சபை முழுவதும் எழுந்து நின்று பாவ அறிக்கை சொன்னது. சிந்தையாலும் சொல்லாலும் செயலாலும் பாவம் செய்ததாக அத்தனை பேரும் ஒரே குரலில், மனப்பாடமாக, ஸ்டேஷனில் நிற்காமல் போகும் ரயில் மாதிரிச் சொன்னார்கள். எவ்வளவு பெரிய வாக்குமூலம் அது. கோர்ட்டில் ஒரே ஒருவர் இப்படிச் சொன்னால் அது மறுநாள் முதல் பக்கச் செய்தி. இங்கே ஒருவர் முகமும் மாறவில்லை. முன்வரிசை அம்மா ஒருவர் சொல்லிக்கொண்டே பேத்தியின் ரிப்பனைச் சரிசெய்தார்.

அறிவிப்பு நேரத்தில் நீங்கள் எழுந்தீர்கள். மேடைக்குப் போகவில்லை; உங்கள் இடத்திலேயே நின்றீர்கள். போன வாரம் வாசித்த இரண்டு பெயர்களும் அந்தத் தாயைக் கேட்காமல் நீங்கள் கொடுத்தவை என்றீர்கள். போதகர் கேட்டபோது பொய் சொன்னதாகவும், உங்கள் பெயரைக் காப்பாற்றிக்கொள்ளவே அப்படிச் செய்ததாகவும் சொன்னீர்கள்.

பிறகு உங்களுக்குப் பின்னாலிருந்த பெரியவர், நல்லெண்ணத்தோடுதான், "பரவால்ல பிரதர், உக்காருங்க. நாம எல்லாருமே பாவிங்கதானே" என்றார். ஆமாம், ஆமாம் என்று பல குரல்கள் எழுந்தன. எனக்கே நிம்மதியாக இருந்தது. நீங்கள் உட்காரவில்லை.

"எல்லாரும்னு சொல்லி என்னை அதுக்குள்ள ஒளிச்சு வெச்சிடாதீங்க ஐயா. அத நான் வாராவாரம் சொல்றேன். ஒரு தடவ கூட எனக்கு உறைக்கல. இது எல்லாரும் செஞ்சது இல்ல. நான் செஞ்சது."

அதற்குப் பிறகுதான் உட்கார்ந்தீர்கள். கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டீர்கள். என் தொழிலில் நான் கேட்ட வாக்குமூலங்கள் பல. தண்டனைக் குறைப்பை எதிர்பார்க்காத ஒன்றை அன்றுதான் கேட்டேன் என்று நினைத்தேன்.

அதையும் நீங்கள் திருத்தினீர்கள். ஆராதனை முடிந்து என் காரில் பிரிக்பீல்ட்ஸுக்கு வந்துகொண்டிருந்தோம். வாணியிடம் நீங்களே நேரில் சொல்ல வேண்டும் என்றீர்கள். ஷா ஆலம் தாண்டும்போது, பெரிய காரியம் செய்தீர்கள் என்று நான் பாராட்டினேன்.

"அத எழுதும்போது ஒண்ணு சேத்துக்குங்க சம்பந்தி. எந்திரிச்சு நின்னப்போ, உள்ள ஒரு மூலையில, பாரு இவனுக்கு எவ்வளவு தைரியம்னு எல்லாரும் நெனைப்பாங்கன்னு ஒரு சந்தோஷம் இருந்துச்சு."

நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். "அப்போ இதுக்கு முடிவே இல்லையா?"

"என் கையில இல்ல. அதனாலதான் நான் கும்புடற சாமிகிட்ட என் நல்லதனத்தக் காட்டி எதையும் கேக்கறதில்ல. காட்டினா மாட்டிக்குவேன்." உங்கள் கால் பாயை மிதித்தது. முன்னால் ஒரு லோரி.

உங்கள் மதத்தில் பாவம் என்ற சொல் மனிதனைக் குறுக்குவதற்காக இருக்கிறது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அந்தக் காரில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் குறுகிப் போகவில்லை. தூக்கி நிறுத்திக்கொண்டிருந்த எதையோ இறக்கி வைத்தவர் போல லேசாக இருந்தார். அந்தப் போதனையை நான் இன்றும் முழுதாக ஏற்றுக்கொண்டவன் இல்லை. ஆனால் அது ஒருவரை என்ன செய்யும் என்பதை அருகிலிருந்து பார்த்தவன்.

வாணி எல்லாவற்றையும் காதுகொடுத்துக் கேட்டாள். நீங்கள் முடித்ததும், "சரி மாமா. சாப்பிட்டுப் போங்க" என்றாள். அவளே பரிமாறினாள். மறுநாள் மாலை ஜோயல் வந்தபோது குழந்தையின் துணிமணிகள் பையில் இருந்தன.

உங்களுக்கு நான் பட்டிருக்கும் பெரிய கடன் அதற்குப் பிந்தைய வருடங்களில்தான் இருக்கிறது. நீங்கள் ஞானஸ்நானத்தைப் பற்றி மறுபடி ஒரு சொல்லும் பேசவில்லை. விட்டுக்கொடுத்தவர் முகத்தோடும் நடமாடவில்லை. மீராவைப் பள்ளியில் விட்டீர்கள். காலி மைதானத்தில் மடியில் உட்காரவைத்து ஸ்டியரிங்கைப் பிடிக்கச் சொன்னீர்கள். பத்துமலையில் அவளுக்கு மொட்டை அடித்த நாளில், அதுவும் வாணி தானாகச் சரி என்ற பிறகுதான், படிக்கட்டுக்குக் கீழே எங்கள் செருப்புகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். "பழனி ஆண்டவர் மாதிரியே இருக்கா" என்று நீங்கள் சொன்னதைக் கேட்டு என் தம்பி அசந்துபோனான்.

ஆஸ்பத்திரியில் கடைசி நாட்களில் நாங்கள் எல்லாரும் படுக்கையைச் சுற்றி நின்றபோது நான் உள்ளுக்குள் பயந்துகொண்டிருந்தேன். கடைசி ஆசை என்று நீங்கள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நம் ஜனங்களில் அதை மறுக்கும் தைரியம் யாருக்கும் கிடையாது. வாணியும் மறுத்திருக்க மாட்டாள். அது உங்களுக்கும் தெரியும். நீங்கள் மீராவிடம், அவள் வரைந்த படத்தில் காருக்கு ஏன் மூன்று சக்கரம் என்று கேட்டீர்கள். வாணியிடம், சாப்பிட்டாயா என்று கேட்டீர்கள். அதைத் தவிர வேறு எதையும் கேட்கவில்லை. உங்களுக்கு மிகவும் வேண்டியிருந்த ஒன்றை, கைநீட்டினால் கிடைக்கும் தூரத்தில் விட்டுவிட்டுப் போனீர்கள்.

போன மாதம் வாணி போன் செய்தாள். மீராவுக்கு ஞானஸ்நானம் கொடுக்கலாமா என்று தானும் ஜோயலும் பேசிக்கொண்டிருப்பதாகச் சொன்னாள். ஜோயல் கேட்கவில்லையாம், அவளேதான் ஆரம்பித்தாளாம். "உங்களுக்கு என்ன தோணுதுப்பா?" என்றாள்.

"புள்ள வளந்து அவளே முடிவு பண்ணட்டுமே மா. அதானே நியாயம்" என்றேன். சொல்லி முடித்த பிறகு, எதிர் நாற்காலியில் நீங்கள் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பது போல இருந்தது. என் மனைவி பக்கத்திலிருந்து, "உண்மையச் சொல்லுங்க. உங்க தம்பி என்ன சொல்வான்னுதானே?" என்றாள். அவள் உங்களைவிடக் கடுமையான ஆள்.

மறுபடி வாணிக்குப் போன் செய்தேன். "நான் சொன்னது நல்ல காரணம்தான் மா. ஆனா அது என் காரணம் இல்ல. சொந்தக்காரங்க பேசுவாங்களேன்னுதான் சொன்னேன். அத வெச்சு நீ முடிவு எடுக்காத." அதற்கு அவள், "மாமா பேசற மாதிரியே பேசறீங்கப்பா" என்றாள்.

உங்கள் சபையில் இப்போது ஒரு வழக்கம் இருக்கிறது. பெயர் வாசிப்பதற்கு முன் போதகரே வீட்டுக்குப் போய் தாயையும் தகப்பனையும் தனித்தனியாகக் கேட்கிறார். சபைக்குப் புதிதாக வந்தவர்களுக்கு அது எப்படி வந்தது என்று தெரியாது. வாணியிடமும் வந்து கேட்டார். அவள் சம்மதித்தாள். மீராவின் பெயர் மட்டும். தன் பெயர் வேண்டாம் என்றாள். போதகர் சரி என்றார். அதை அப்படியே வாசித்தார்கள்; நான் போய்க் கேட்டேன்.

ஞானஸ்நானம் வரும் ஞாயிற்றுக்கிழமை. ஜோயல் என்னை முன்வரிசையில், நீங்கள் உட்காரும் இடத்தில் உட்காரச் சொல்கிறார். போவேன். பாவ அறிக்கையின்போது எல்லாரோடும் எழுந்து நிற்பேன். வாய்விட்டுச் சொல்ல மாட்டேன். அந்தச் சொற்கள் உங்களுடையவை. அவர்கள் சொல்லி முடிக்கும்வரை நான் செய்த ஒன்றை, ஒன்றே ஒன்றை, மூடி மறைக்காமல் மனதில் வைத்துக்கொண்டு நிற்பேன். நீங்கள் போன நாளிலிருந்து ஞாயிறு காலைகளில் வீட்டில் இதைச் செய்துவருகிறேன். எந்தச் சாமியிடம் என்று தெரியவில்லை. ஆனால் முடித்து உட்காரும்போது மனம் லேசாகத்தான் இருக்கிறது.

அப்படி ஒன்று இந்த வாரத்துக்கும் இருக்கிறது சம்பந்தி. அதிகம் தேட வேண்டியிருக்கவில்லை.